முசியே வாசித்த அட்டைகள்

குடிப்பதை நிறுத்திய பிறகுதான் குடிக்கிறவர்களோடு உட்கார்ந்து நிதானமாக விளையாடக் கற்றுக்கொண்டேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தபோது ஒருநாள் காலையில் வாயில் ரத்தம் வந்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார். நிறுத்திவிட்டேன். அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. ஆனால் குடி போனதும் கூட இருந்த கூட்டமும் போய்விட்டது. ரத்தம் வந்ததைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்கு முன்னால் நிறைய ஊரில் நிறைய ஆட்டம் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுக் கிளம்பியவன் நான். நாசிக்கில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கியபோது, லாரி டிரைவர்கள் ஒரு ரூபாய்க் காசை மேசையில் அடித்து எகிற வைத்துக் கிளாஸுக்குள் விழ வைப்பார்கள். விழுந்தால் எதிரே இருப்பவன் குடிக்க வேண்டும். கோவாவில் ஓட்டலில் இருந்தபோது, தங்க வந்தவர்கள் மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி ஒவ்வொன்றாக உருவுவார்கள். சாய்த்தவன் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். மறுநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டைகளைப் பொறுக்குவது என் வேலை. திருப்பூரில் நாங்கள் சீட்டுக்கட்டில் கழுதை ஆடினோம். அங்கே தோற்றவன் குடிக்கக் கூடாது, மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தண்டனைகளில் கொடுமையானது அதுதான்.

புதுச்சேரிக்கு வந்தது காலாப்பட்டில் படகு வேலைக்காக. கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏறிய நாளெல்லாம் வாந்தி. கரைக்கு வந்து, மீன் ஏற்றும் வண்டிக்குக் கிளீனராக இருந்து, ஓட்டப் பழகி, இப்போது ஒரு குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். பீரோ, கட்டில், தண்ணீர் டேங்க், கல்யாண வீட்டு நாற்காலி, எதைச் சொன்னாலும் ஏற்றுவேன். நெல்லித்தோப்பில் ஒரு வீட்டின் மாடி அறைக்குக் குடி வந்தேன். எந்த ஊரிலும் ஒரே அறையில் இவ்வளவு நாள் நான் தங்கியதில்லை.

வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் முசியே. அவர் மனைவி மதாம். பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இவர்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அறையைத் திறந்து காட்டும்போது முசியே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, முன்பு எங்கே இருந்தாய் என்பதல்ல.

"தாயம் உருட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"குடிப்பியா?"

"இல்லீங்க."

"பரவால்ல. ஊத்தறதுக்கு நிதானமா ஒரு ஆளு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே மேசை போடுவோம். முசியே, நான், இன்னும் இரண்டு பேர். ஒருவர் மார்க்கெட் பக்கம் கறிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறு வியாபாரத்தை முடித்து, தலைக்குக் குளித்து, கடையில் மிஞ்சிய ஈரலை எடுத்துக்கொண்டு வருவார். இன்னொருவர் எலெக்ட்ரீஷியன். சாரம் பகுதியில் வீடு. கறிக்கடைக்காரரின் தங்கையைக் கட்டியவர். அதாவது இரண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளை. மேசைக்கு எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு பத்திரிகை. எலெக்ட்ரீஷியன் சாரத்தில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். வேலை நெருக்கத்தில் பத்திரிகையை எல்லோருக்கும் செல்போனில் அனுப்பினார். அதே படத்தை மச்சானுக்கும் அனுப்பிவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மனைவியோடு நேரில் போய்க் கொடுத்திருக்க வேண்டிய பத்திரிகை அது. "சிமெண்ட் கடைக்காரனுக்கு அனுப்புன அதே படத்த எனக்கும் அனுப்பறான்யா. அவ கூடப் பொறந்தவன் நானு" என்று கறிக்கடைக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் விசேஷத்துக்குப் போகவில்லை. மச்சான் நிற்க வேண்டிய இடத்தில் ஆளில்லாமல் பால் காய்ச்ச வேண்டியதாகிவிட்டதே என்று எலெக்ட்ரீஷியனுக்குக் கோபம். பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கவில்லை. யார் வருவதை நிறுத்துகிறாரோ அவர் மாடியை மற்றவருக்கு விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

நடுவில் நான்தான் தபால்காரன்.

"ஈரல்ல உப்பு கம்மின்னு சொல்லுங்க" என்பார் எலெக்ட்ரீஷியன்.

"உப்பு தூக்கலா வேணும்னா அவரு வூட்லேர்ந்து வறுத்து எடுத்துக்கினு வரச் சொல்லுங்க."

"எங்க வூட்ல வறுக்கறவங்க யாரு தங்கச்சின்னு கேளுங்க."

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். எனக்கும் அது பழகிவிட்டது. ஆனால் எலெக்ட்ரீஷியனின் பெண் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த மயிலம் கோயிலில் நாள் குறித்துவிட்டார்கள். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. காது குத்த வேண்டுமென்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு இருப்பது ஒரே ஒரு மாமன்.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்கு ஒரு பீரோ ஏற்றிக்கொண்டு போனேன். எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி டீ கொடுத்துவிட்டுக் கதவோரமாகவே நின்றார்.

"அண்ணே, அங்க ரெண்டு பேரும் எதிரெதிராதான் உக்காந்திருக்காங்களாமே?"

"ஆமாம்மா."

"எங்க அண்ணன் மடின்னா குத்து. இல்லன்னா எம் புள்ளைக்குக் குத்தவே வேணாம்னு சொல்லிட்டேன். இவரு வெளி ஆளு மடியில வச்சிக் குத்திக்கலாங்கறாரு. அது எப்பிடிண்ணே?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். "நீங்களாச்சும் எதுனா செய்ங்களேன்."

நான் என்ன செய்ய முடியும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் முசியே பிரான்சிலிருந்து திரும்பினார். பழைய சாமான் சந்தையில் வாங்கியது என்று ஒரு அட்டைப் பெட்டியை மாடிக்குக் கொண்டுவந்தார். மூடியில் வாத்துப் படம். ராணுவ முகாமில் இருந்த காலத்தில் இந்த வாத்து ஆட்டத்தை விடிய விடிய ஆடியிருக்கிறாராம். பலகையை விரித்தால் கட்டங்கள் நத்தை ஓடு மாதிரி சுருண்டு நடுவில் போய் முடிந்தன. காய்களும் பகடையும் காணாமல் போயிருந்தன. பகடைக்குப் பதிலாகத் தாயத்துக்கு வைத்திருந்த சோழிகளையே உருட்டினோம். எலெக்ட்ரீஷியன் ஒரு பழைய ஃப்யூஸை வைத்தார். கறிக்கடைக்காரர் ஆட்டுக்கால் மூட்டெலும்பு ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் சிவப்பு அட்டைக்கட்டு ஒன்றும் இருந்தது. காய் சிவப்புக் கட்டத்தில் நின்றால் ஒரு அட்டை எடுக்க வேண்டும், அதில் போட்டிருப்பதைச் செய்ய வேண்டும், மாட்டேன் என்றால் குடிக்க வேண்டும் என்று முசியே விதி சொன்னார். பிரெஞ்சு தெரிந்தவர் அவர் மட்டும்தான். அதனால் அட்டை வாசிக்கும் வேலை அவருடையது.

குடிக்க வைத்திருந்தது அவர் கொண்டுவந்த பாஸ்தீஸ் என்ற பிரெஞ்சுச் சரக்கு. தண்ணீர் ஊற்றியதும் பால் மாதிரி வெளுத்துப்போகும். சோம்பு வாசனை தூக்கும். கறிக்கடைக்காரர் முதல் வாய் குடித்துவிட்டு, "முசியே, ஓட்டல்ல பில்லோட குடுப்பான் பாரு சோம்பு, அத கரைச்சி ஊத்தனாப்ல இருக்குதே" என்றார். ஆனால் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. ஆட்டத்துக்கு நடுவில் குடிப்பதற்குத் தண்ணீர் உண்டு. தண்டனைக் கிளாஸில் மட்டும் தண்ணீர் கிடையாது. அது தொண்டையில் இறங்கும்போது ஆள் கண்ணைப் பார்த்தாலே எரிச்சல் தெரியும்.

முதல் அட்டையை எடுத்ததும் முசியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சேவல் மாதிரி கூவணும்."

கறிக்கடைக்காரர் எழுந்து நின்று கூவினார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட பெண் எட்டிப் பார்த்தாள். எலெக்ட்ரீஷியனுக்கு, பள்ளிக்கூட வாத்தியார் போல நடந்து காட்ட வேண்டும் என்று வந்தது. எனக்கு, தெரிந்த பாஷையில் எல்லாம் திட்ட வேண்டும். மராத்தி, கொங்கணி, இந்தி, தெலுங்கு என்று வரிசையாக எடுத்துவிட்டேன். நான் சுற்றிய ஊர்கள் எனக்கு விட்டுவைத்த சொத்து அதுதான். அன்றைக்கு எல்லோரும் நன்றாகச் சிரித்தோம்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. படிக்காதவன் எழுத்தைப் பார்க்க மாட்டான், படத்தைப் பார்ப்பான். எல்லோரும் போன பிறகு கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"முசியே, அந்த அட்டையில ஒதடு படம் போட்டிருக்கு. சேவலு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "யோவ், மெதுவா பேசு. மதாம் கீழ இருக்கா."

வாத்துப் பெட்டிக்குள் யாரோ வேறு ஏதோ ஆட்டத்தின் அட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இளவட்டங்கள் விருந்தில் குடித்துவிட்டு ஆடுகிற ஆட்டம். "பக்கத்துல இருக்கறவங்க கழுத்துல முத்தம் குடு, சட்டைய கழட்டு, முதல் காதல சொல்லு, பூரா இந்த மாதிரிதான். சந்தையில நான் மூடியத்தான் பாத்தேன். இத எப்பிடிய்யா கறிக்கடைக்காரன்கிட்ட படிக்கறது? கையில கத்தி புடிக்கறவன்."

"அப்ப எல்லாம் நீங்களா சொன்னதுதானா?"

"வேற இன்னா பண்றது? பெட்டிய தொறந்தாச்சு. விதியும் சொல்லியாச்சு."

எனக்கு அந்தத் தங்கச்சி கதவோரம் நின்றது ஞாபகம் வந்தது. "நீங்களாதான் சொல்றதுன்னா, அடுத்த வாரம் வேற ஒண்ணு படிங்களேன்" என்றேன். விஷயத்தைச் சொன்னதும் முசியேவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பட்டாளத்தில் ஒரு திட்டம் கிடைத்தால் அப்படித்தான் இருந்திருப்பார் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு, காது குத்தும் வெள்ளிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. மூட்டெலும்பு சிவப்பில் வந்து நின்றது. முசியே அட்டையை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"எதிர்ல இருக்கறவரோட பேச்சு இல்லன்னா, மொறையச் சொல்லிக் கூப்ட்டு, நல்லாருக்கியான்னு கேக்கணும்."

கறிக்கடைக்காரர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரான்சுல இருக்கறவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"ஏன், அங்க மச்சான் மாப்ள இல்லியா?" என்றார் முசியே.

கறிக்கடைக்காரர் கொஞ்ச நேரம் மூட்டெலும்பைப் பார்த்தார். பிறகு கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "ஊத்து."

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மாட்டேன் என்றால் குடிக்கலாம் என்பது விதி. ஃப்யூஸ் சிவப்பில் நின்றபோது, எதிரில் இருப்பவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று முசியே வாசித்தார். எலெக்ட்ரீஷியனும் கிளாஸை நகர்த்தினார். அடுத்த அட்டைக்கும் அப்படியே. சமாதானத்துக்கு என்று முசியே வாசித்த ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு பேரும் தண்ணீர் கலக்காத பாஸ்தீஸைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினார்கள். ஒருவர் குடித்தால் மற்றவர் குறையாகக் குடிக்க முடியாதே. நான் அளவைக் குறைத்து ஊற்றிப் பார்த்தேன்.

"இன்னாய்யா, ரேஷன் கடையா நடத்தற? நெறைய ஊத்து" என்றார் கறிக்கடைக்காரர்.

"எனக்கும் அதே அளவு ஊத்தச் சொல்லுங்க" என்றார் எலெக்ட்ரீஷியன்.

இரண்டு பேருக்கும் கண் சிவந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் ஃப்யூஸைப் பிடிக்கப் போய்ச் சோழியைப் பிடித்தார். எனக்குப் பயம் வந்தது. நானே குடித்தவன். போதையில் இருப்பவன் சிரிப்பான், அழுவான், வீம்பை மட்டும் விட மாட்டான். வெள்ளிக்கிழமை காரியத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். முசியே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அப்போது மதாம் மத்தி வறுவல் தட்டோடு படியேறி வந்தார். தட்டு வைக்க இடம் பண்ணுவதற்காக மேசையில் கிடந்த அட்டைகளை ஒன்றாகச் சேர்த்தவர், மேலே இருந்ததைச் சும்மா படித்தார். கான்வென்டில் பிரெஞ்சு படித்தவர் அவர். முகம் மாறியது. அடுத்த அட்டையைப் படித்தார். அதற்கடுத்ததையும் படித்தார்.

"ஆண்டவரே! இன்னாது இது?"

"ஆட்டம்" என்றார் முசியே.

"இந்தக் கண்றாவியையா எம் பெட்டியில வச்சித் தூக்கிக்கினு வந்த? என் ஜெபப் புத்தகத்து மேல!"

கறிக்கடைக்காரர் தலையை நிமிர்த்தினார். "இன்னா மதாம் போட்டிருக்கு? எதிர்ல இருக்கறவன வூட்டுக்குக் கூப்புடுன்னுதான?"

"வூட்டுக்கா?" என்று மதாம் புருஷனைப் பார்த்தார். முசியே தகரக் கூரையைப் பார்த்தார்.

எலெக்ட்ரீஷியனுக்கு மெதுவாகப் புரிந்தது. "அப்ப இவ்வளவு நேரம் நீங்க படிச்சதெல்லாம்?"

"நானா சொன்னதுதான்" என்றார் முசியே. உடனே என் பக்கம் கை நீட்டினார். "இவனும் கூட்டு."

கறிக்கடைக்காரர் எழுந்தார். கால் நிற்கவில்லை, மறுபடி உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் எங்கள வச்சா ஆடினீங்க?"

"ஆமா" என்றேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை. "ஒந்தங்கச்சி எங்கிட்ட நின்னு அழுதுச்சு. வெள்ளிக்கிழம புள்ளைய யாரு மடியில உக்கார வைக்கறது? நானா மடி குடுப்பேன்?"

மத்தி வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. எலெக்ட்ரீஷியன் மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இத்தோடு ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று என்று நினைத்தேன்.

கறிக்கடைக்காரர் பலகையைக் குனிந்து பார்த்தார். "எங்காயி இன்னும் செவப்புலதான் நிக்குது" என்றார். "நெஜமா இன்னா போட்டிருக்கோ அத படிங்க. எவ்ளோ கண்றாவியா இருந்தாலும் பரவால்ல."

"நான் படிக்க மாட்டேன்" என்று மதாம் அட்டைகளை முசியே கையில் திணித்தார். முசியே மேலே இருந்ததை எடுத்தார். முதலில் பிரெஞ்சில் வாசித்தார். பிறகு தமிழில், பாதிரியார் பூசையில் வாசிப்பது போல, ஒரே குரலில் சொன்னார்.

"எதிர்ல இருக்கறவருக்கு முத்தம் குடு. மாட்டேன்னா குடி."

நான் பாட்டிலைத் தூக்கினேன். கறிக்கடைக்காரர் உள்ளங்கையால் கிளாஸை மூடினார்.

"இன்னொரு சொட்டு உள்ள போச்சின்னா நான் படியில உருண்டுதான் எறங்கணும்."

"மச்சான், கிட்ட வராத. சொல்லிட்டேன்" என்றார் எலெக்ட்ரீஷியன், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே.

"மாப்ள, ஆட்டம்னா ஆட்டம்."

"யோவ் மச்சான், வேணாய்யா!"

கறிக்கடைக்காரர் மேசை மேல் படுத்தே விட்டார். காய்கள் சிதறின. மாப்பிள்ளையின் இரண்டு காதையும் பிடித்து இழுத்து, கன்னத்தில் சத்தம் கேட்க ஒரு முத்தம் கொடுத்தார். நலமா என்று கேட்க வராத வாய் அது. மதாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

எலெக்ட்ரீஷியன் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். "தூ! ஒரே சோம்பு." பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்தத் தாடியோட வெள்ளிக்கிழம வந்துடாத. புள்ளைக்குக் குத்தும். அது மொட்ட அடிக்கவே கத்தும்."

கறிக்கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "வெள்ளிக்கிழம நான் வரேன்னு யாரு சொன்னது? என்ன யாரு கூப்ட்டா? செல்லுல படம் வருமா?"

எலெக்ட்ரீஷியன் கீழே கிடந்த மூட்டெலும்பைக் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, மச்சான் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு வரேன். ஒந்தங்கச்சியோட. தட்டோட."

கறிக்கடைக்காரர் அவரைப் பார்க்காமல் மத்தி ஒன்றை எடுத்து முள்ளைப் பிரித்தார். "நாளைக்கு மத்தியானத்தோட கடைய மூடிடுவேன். வூட்லதான் இருப்பேன்" என்று மீனிடம் சொன்னார்.

அட்டைகளை மதாம் அன்றைக்கே பிடுங்கிக்கொண்டார். கிழித்துப் போட்டாரா, அலமாரியில் வைத்துப் படிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இப்போது சிவப்புக் கட்டத்தில் நின்றால் எதிரில் இருப்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று விதியை மாற்றியிருக்கிறோம்.

மறுநாள் மத்தியானம் அவர்களை என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். குழந்தையும் அதன் அம்மாவும் தாம்பாளமும் முன்னால். எலெக்ட்ரீஷியன் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார். தலைவலி, காற்று பட்டால் நல்லது என்றார். கறிக்கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார், அப்போதுதான் எழுந்து வருகிறவர் போல வரவேண்டும் என்பதற்காக.

புருஷனும் மனைவியும் சேர்ந்து தட்டை நீட்டினார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கச்சி சமையலறைக்குள் அண்ணியிடம் போய்விட்டார். குழந்தை மட்டும் என் காலுக்குப் பின்னால் நின்றது. மாமனைப் பார்த்துப் பல மாதம் ஆகிவிட்டதல்லவா. அந்த வயதில் அது ரொம்ப நாள்.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையைத் தட்டினார். "வா. எப்பிடி உக்காரணும்னு பாத்துக்கலாம்."

அது வரவில்லை. அவர் மறுபடி தட்டினார். நான் கொஞ்சம் நகர்ந்தேன். மறைந்துகொள்ள இடமில்லாமல் போனதும் அது என் வேட்டியை விட்டுவிட்டு, மெதுவாகப் போய், அவர் மடியில் ஒரு ஓரமாக உட்கார்ந்தது. பிறகு நன்றாக நகர்ந்து சாய்ந்துகொண்டது. அவர் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தது.

டீ வந்தது. அவருக்குக் கொடுத்த டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். கையை அசைத்தால் குழந்தை எழுந்துவிடும் என்று பயம். நாங்கள் குடித்து முடித்தோம். சாரத்தில் எனக்கு ஒரு கட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. கிளம்பலாமா என்று கேட்டேன்.

"இருய்யா, இன்னா அவசரம்" என்றார், குரலைத் தாழ்த்தி. "தூங்கிடிச்சி."